கீதாவைக் கேட்காமல் எடுக்காதே

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தாம்பரம் மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. மறைமலை நகரில் நான் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து பிரவீன். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர். நான் ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. அங்கிருந்து அழைப்பு வந்தால் ஒன்று யாராவது போயிருப்பார்கள், இல்லை ஏதாவது மெஷின் போயிருக்கும்.

"சார், ஃப்ரீயா இருக்கீங்களா? ஒரு சின்ன டவுட்டு."

"கேளுங்க. முருங்கைக்காய் ஓடிடாது."

"டிசைன் மெஷின்ல லாகின் பண்ணினா ஒரு ஸ்கிரிப்ட் ஓடுது இல்ல சார், நீங்க எழுதினது? புது ஸ்டோரேஜுக்கு மாத்தறோம், அதனால பழசெல்லாம் கிளீன் பண்றோம். அதுல பதினோராவது லைன் எதுக்குன்னு யாருக்கும் தெரியல. அதுக்கு மேல இங்கிலீஷ் எழுத்துல தமிழ்லயே ஒண்ணு எழுதி வெச்சிருக்கீங்க. 'கீதாவைக் கேட்காமல் இந்த வரியை எடுக்காதே'ன்னு. யார் சார் கீதா? ஹெச்.ஆர்.ல கேட்டேன். அந்தப் பேர்ல இங்க யாருமே இல்லைன்னுட்டாங்க."

சாயங்காலம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். முருங்கைக்காய்க்காரம்மா முன்னால் நின்றுகொண்டு சொல்லக்கூடிய கதை இல்லை அது. அன்று மாலை போனில் பாதி சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன், இனி யாரும் ஹெச்.ஆரில் போய்க் கேட்க வேண்டாம்.

நான் படித்த படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ, பிறகு ஆறு மாதம் யூனிக்ஸ் வகுப்பு. அந்த ஆறு மாதத்தில் கற்றதைவிட வேலைக்குச் சேர்ந்த முதல் ஆறு வாரத்தில் கற்றது அதிகம். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம் என்று தாண்டி மறைமலை நகர் போய்ச் சேர்வதற்குள் நேற்று செய்த தவறு எது என்பது தானாகப் புரிந்துவிடும். அந்த ரயில்தான் எனக்கு இரண்டாவது பாலிடெக்னிக்.

கம்பெனி கார் உதிரி பாகங்கள் செய்வது. டிசைன் ஹாலில் முப்பத்திரண்டு யூனிக்ஸ் மெஷின்கள். வரைபடங்கள் எல்லாம், அந்த மெஷின்களைப் பராமரிக்கும் எங்கள் சிஸ்டம்ஸ் அறையிலிருந்த ஒரே சர்வரில். டிசைனில் இருப்பவர் தன் மெஷினிலேயே இருப்பதுபோல அந்த வரைபடத்தைத் திறப்பார். உண்மையில் அது வயர் வழியாகச் சர்வரிலிருந்து வரும். இப்படி வேறொரு மெஷினின் டைரக்டரியை, அதாவது ஃபைல்கள் இருக்கும் அடுக்கை, கொண்டுவந்து நம் மெஷினில் மாட்டுவதற்குத்தான் மவுண்ட் செய்வது என்று பேர்.

ஆரம்பத்தில் ஒவ்வொரு மெஷினும் ஆன் ஆகும்போதே எல்லா டைரக்டரிகளையும் மாட்டிக்கொண்டுதான் எழுந்திருக்கும். தேவையோ இல்லையோ, அத்தனையும். சர்வர் படுத்தால் முப்பத்திரண்டு மெஷினும் கூடவே படுக்கும். டிசைன் ஹாலில் எல்லோரும் கைகட்டி உட்கார்ந்து எங்கள் அறைக் கதவையே பார்ப்பார்கள். அதை ஒழித்துக்கட்டியவன் நான். தற்பெருமைதான், ஆனால் உண்மை. ஆட்டோமவுண்ட்டைக் கொண்டுவந்தேன். அதன் வழி எளிது. தட்டினால்தான் கதவு திறக்கும். நீங்கள் பிரேக் புராஜெக்ட் டைரக்டரிக்குள் போகிற அந்த நொடியில் அது மாட்டப்படும்; ஐந்து நிமிஷம் யாரும் தொடவில்லையென்றால் தானே கழன்றுகொள்ளும். எந்தக் கதவைத் தட்டினால் எங்கிருந்து கொண்டுவர வேண்டும் என்பதற்கு ஒரு பட்டியல். பட்டியலை ஒரே இடத்தில் திருத்தினால் போதும். முப்பத்திரண்டு மெஷினுக்கும் நான் நடக்க வேண்டியதில்லை.

இதைச் செய்ய விட்டவர் எங்கள் தலைவர் வரதன் சார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. எல்லோரையும் நீங்க, வாங்கதான். கீபோர்டைத் தொடவே மாட்டார். டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு நம் நாற்காலிக்கு இரண்டடி பின்னால் நிற்பார். ஒவ்வொரு கட்டளையையும் எண்டர் தட்டுவதற்கு முன் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும்.

"சொல்லுங்க, அப்புறம் அடிங்க," என்பார். இதைத் தவிர வேறு உபதேசம் கிடையாது.

ஒரு ஃபைலை மாற்றுவதற்கு முன் பழையதைத் தேதி போட்டு எடுத்து வைக்க வேண்டும். முதலில் ஒரே ஒரு மெஷினில் சோதிக்க வேண்டும். அந்த மெஷின் நம்முடையதாக இருக்க வேண்டும், அடுத்தவருடையதாக இருக்கக் கூடாது. இதெல்லாம் எங்கும் உள்ளதுதான். எங்கும் இல்லாத ஒன்றும் அவரிடம் இருந்தது. ஆளுக்கொரு நீள நோட்டு கொடுத்திருந்தார். ஒரு புகார் வந்தால் இடது பக்கத்தில் 'பார்த்தது', வலது பக்கத்தில் 'பார்க்காதது'. எங்கெங்கே பார்த்தோம் என்று எழுதுவது சுலபம். எங்கே பார்க்கவில்லை என்று எழுதச் சொன்னால் மனிதனுக்குக் கை வராது. எனக்கு வந்ததே இல்லை. வலது பக்கத்தில் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போவேன். அவர் அந்தக் கோட்டைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், டீயைக் குடிப்பார்.

ஆட்டோமவுண்ட் வந்த புதிதில் ஒரு வேடிக்கை நடந்தது. வேறு ஊர் ஃபேக்டரியிலிருந்து மாற்றலாகி வந்த புது ஜெனரல் மேனேஜர் ஒரு மெஷினில் உட்கார்ந்து, புராஜெக்ட் டைரக்டரியில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் கேட்டிருக்கிறார். ஒன்றுமே வரவில்லை. எட்டு வருஷ வரைபடங்கள் போய்விட்டன என்று மனிதர் வேர்த்து விறுவிறுத்து எங்கள் அறைக்கு ஓடி வந்தார்.

"சார், அது அப்படித்தான். கதவைத் தட்டாம வெளியில நின்னு பாத்தா காலியாத்தான் தெரியும்," என்று சொல்லி, உள்ளே போய்க் காட்டினேன். எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அவர் முகத்துக்கு ரத்தம் திரும்பியது. அன்று மத்தியானமே டிசைன் ஹால் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டினேன்: 'காலியாகத் தெரிவது காலி அல்ல. உள்ளே போய்ப் பாருங்கள்.' ஒரு மாதம் அந்த நோட்டீஸைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நடையே மாறியது.

ஊருக்குத்தான் உபதேசம் என்பது பிறகு தெரிந்தது.

கீதா டிசைனில் ஒப்பந்தத்தில் இருந்த பெண். ஊரப்பாக்கத்துப் பழைய குடும்பம். நெல் விளைந்த நிலம் பிளாட்டாகிப் போனபின், அந்த வீட்டிலிருந்து மாதச் சம்பளத்துக்குப் போன முதல் ஆள் அவள்தான். பெண்ணை வேலைக்கு அனுப்புவதா என்று வீட்டில் பேச்சு. நிரந்தரமாகட்டும், அதுவரை கல்யாணப் பேச்சை எடுக்காதீர்கள் என்று தன் அப்பாவிடம் அவள் மூன்று வருஷ அவகாசம் வாங்கியிருந்தாள். அந்த மாதம்தான் மூன்றாவது வருஷம் முடிகிறது. நிரந்தரமாகப் போகிறவர்கள் பட்டியலில் அவள் பேரும் இருந்தது. இது ஹால் முழுக்கத் தெரியும்.

ஒரு திங்கள்கிழமை அவளுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். பிரேக் பெடலில் வரும் ஒரு தகட்டை அடித்தெடுக்கும் அச்சு, அதாவது டை. வாடிக்கையாளர் கொடுத்த காகிதப் பிரிண்டைப் பார்த்து எல்லாவற்றையும் புதிதாக வரைய வேண்டும். பதினான்கு ஷீட். வியாழக்கிழமை காலை, டை செய்யும் டூல்ரூமுக்குப் போக வேண்டும். வேலை பாதியில் இருந்ததால் திங்களும் செவ்வாயும் மெஷினை ஆஃப் செய்யாமல் போனாள்; புதன் மாலை முடித்துவிட்டு, ஆஃப் செய்துவிட்டு வீட்டுக்குப் போனாள். வியாழன் காலை வந்து திறந்தால், ஒரு ஷீட்கூட இல்லை.

எனக்குப் போன் செய்தாள். நான் என் அறையிலிருந்தபடியே சர்வரில் பார்த்தேன். இல்லை. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாள் பேக்கப் டேப்பையும் போட்டுப் பார்த்தேன். அவற்றிலும் இல்லை. யாராவது அழித்திருந்தால் டேப்பில் இருந்திருக்க வேண்டும். மூன்று டேப்பிலும் இல்லையென்றால் அந்த ஃபைல்கள் பிறக்கவே இல்லை என்று அர்த்தம். எனக்கு அதில் துளி சந்தேகம் இல்லை. டிசைன் செக்ஷன் தலைவர் தனசேகர் எழுதிக் கேட்டார். எழுதிக் கொடுத்தேன்: 'குறிப்பிட்ட ஃபைல்கள் சர்வரில் எப்போதும் இருந்ததில்லை.' நோட்டில் இடது பக்கம் ஐந்து வரி எழுதினேன். வலது பக்கம் வழக்கம்போல ஒரு கோடு.

அந்தக் காகிதத்தைத் தனசேகர் ஹாலின் நடுவில் நின்று படித்தார்.

"இன்னாம்மா, மூணு நாளா சும்மா ஒக்காந்துகினு இருந்தியா?"

"வரைஞ்சேன் சார். பதினாலு ஷீட்."

"சர்வர்ல எப்பவுமே இருந்ததில்லன்னு சிஸ்டம்ஸே எழுதிக் குத்துட்டாங்க. அப்பால இன்னா கதை வுடுற? டூல்ரூம்ல ஆளுங்க காத்துகினு கீறாங்க."

"கதை இல்ல சார். நான் வரைஞ்சது வரைஞ்சதுதான்."

அவள் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நிரந்தரப் பட்டியலில் அவள் பேர் அடிக்கப்பட்டது. வெள்ளிக்கிழமையோடு வேலையை முடித்துக்கொண்டு, திங்கள் வந்து அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். எனக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது. ஆனால் பொய் சொல்கிறாள் என்றுதான் நானும் நினைத்தேன். அதை இப்போது மறைத்து என்ன ஆகப் போகிறது.

மறுநாள் வெள்ளி. வெள்ளிக்கிழமைகளில் நோட்டோடு முப்பத்திரண்டு மெஷினையும் ஒரு சுற்று வர வேண்டும் என்பது வரதன் சார் போட்ட சட்டம். ஒவ்வொரு மெஷினிலும் டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று இரண்டு விதமாகப் பார்த்துக் குறிக்க வேண்டும். ஒன்று, டிஸ்க் தானே சொல்லும் அளவு. இன்னொன்று, கண்ணுக்குத் தெரியும் ஃபைல்களை ஒவ்வொன்றாகக் கூட்டி வரும் அளவு. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். இதற்கு எதற்கு இரண்டு என்று எத்தனையோ தடவை முணுமுணுத்திருக்கிறேன்.

கீதா மூலை மெஷினில் இருந்தாள். வேலை போய்விட்டது என்று தெரிந்தபிறகும் முதல் ஷீட்டிலிருந்து மறுபடி வரைந்துகொண்டிருந்தாள். ஆறாவது ஷீட்டுக்கு வந்திருந்தாள். காகிதப் பிரிண்ட் பக்கத்தில் மடித்து வைத்தபடி இருந்தது. அவள் அதைப் பிரிக்கவே இல்லை. அளவுகளை மனப்பாடமாகப் போட்டுக்கொண்டே போனாள். ஒரு தடவை வரையாத கை இப்படி ஓடாது.

"ரெண்டு நிமிஷம் மெஷின் வேணும்மா," என்றேன்.

சேவ் செய்துவிட்டு எழுந்து நின்றாள். இரண்டு அளவையும் எடுத்தேன். டிஸ்க் சொன்னது, கூட்டி வந்ததைவிட நாற்பது மெகாபைட் அதிகம். மறுபடி எடுத்தேன். அதே நாற்பது. போன வெள்ளிக்கிழமை நோட்டில் இதே மெஷினுக்கு இரண்டும் ஒன்றாக இருந்தன. இந்த டிஸ்க்கில் கண்ணுக்குத் தெரியாமல் ஏதோ இருக்கிறது.

புரிந்தபோது உட்கார்ந்திருந்த நாற்காலியே சுட்டது. எழுந்துபோய் வரதன் சாரைக் கூட்டி வந்தேன். டீ கிளாஸோடு வந்து இரண்டடி பின்னால் நின்றார்.

"சொல்லுங்க."

"ஆட்டோமவுண்ட்ட நிறுத்தப் போறேன் சார், இந்த மெஷின்ல மட்டும். அது மாட்டின டைரக்டரிய கழட்டிட்டு, அதுக்கு அடியில மெஷினோட சொந்த டிஸ்க்ல என்ன இருக்குன்னு பாக்கப் போறேன்."

"அடிங்க."

அடித்தேன். பட்டியல் கேட்டேன். பதினான்கு ஃபைல்கள் வந்தன. முதலாவது திங்கள் காலை பத்தே முக்கால். கடைசியானது புதன் மாலை ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் முன்னால்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"முதல்ல காப்பி எடுங்க," என்றார் வரதன் சார். "ஆச்சரியப்படறத அப்புறம் வெச்சுக்கலாம்."

டேப்பில் ஒன்று, சர்வரில் ஒன்று எடுத்தேன். பிறகுதான் நடந்ததைப் பின்னோக்கி அவிழ்த்தோம். திங்கள் காலை எலக்ட்ரீஷியன் அந்த மூலையில் மேசையை நகர்த்தியதில் நெட்வொர்க் வயர் கழன்றிருக்கிறது. அரை மணியில் மாட்டிவிட்டார்கள். ஆனால் அந்த அரை மணிக்குள் கீதா மெஷினை ஆன் செய்துவிட்டாள். ஆட்டோமவுண்ட் எழுந்து சர்வரிடம் பட்டியலைக் கேட்டது. பதில் இல்லை. சத்தமில்லாமல் படுத்துவிட்டது. ஆகவே அந்த மூன்று நாளும் புராஜெக்ட் டைரக்டரி என்பது அவள் மெஷினில் வெறும் காலி டைரக்டரி. அதற்குள் அவளுடைய ஃபோல்டர் இல்லையென்றால் அவளால் சேவ் செய்திருக்க முடியாது. மெஷின் திட்டியிருக்கும், என்னைக் கூப்பிட்டிருப்பாள், பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஆனால் ஃபோல்டர் இருந்தது. ஏனென்றால் லாகின் ஸ்கிரிப்ட் என்ற கட்டளை வரிசையில் பதினோராவது வரி, 'ஃபோல்டர் இல்லையென்றால் நீயே உண்டாக்கிக்கொள்' என்றது. புது ஆட்கள் சேரும்போதெல்லாம் ஃபோல்டர் இல்லை, ஃபோல்டர் இல்லை என்று என்னைக் கூப்பிடுகிறார்களே என்று, என் சௌகரியத்துக்காக நான் போட்ட வரி. வியாழன் காலை மெஷின் ஒழுங்காக எழுந்தது, ஆட்டோமவுண்ட்டும் எழுந்தது, சர்வர் டைரக்டரியைக் கொண்டுவந்து அவள் வேலையின் மேல் மூடியது. தரையில் கிடந்த காகிதத்தின் மேல் பாய் விரித்த மாதிரி.

உன் ஃபோல்டரைத் தவிர மற்றவர்களுடையது எதுவும் தெரியவில்லையே, மூன்று நாளாக உனக்குச் சந்தேகம் வரவில்லையா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவள் சுவரைக் காட்டினாள். 'காலியாகத் தெரிவது காலி அல்ல.'

"நீங்கதான சார் ஒட்டினீங்க," என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "நேத்து நான் சொன்னப்ப, என் மெஷின்ல வந்து பாத்தீங்களா சார்?"

"இல்ல."

"சர்வர்லதான் பாத்தீங்க."

"ஆமாம்மா."

"நான் இங்கதான சார் ஒக்காந்து வரைஞ்சேன்."

என் வேலை வாழ்க்கையில் என்னை எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள். மேனேஜர்கள் கத்தியிருக்கிறார்கள். எதுவும் ரயில் வண்டலூர் தாண்டும் வரைக்கும் நிற்காது. இது நின்றது. அழுதிருந்தால்கூட நான் தப்பித்திருப்பேன். அவள் அழவில்லை, கோபப்படவில்லை, நடந்ததை மட்டும் சொன்னாள். எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது.

தனசேகரிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று கிளம்பினேன். வரதன் சார் நிறுத்தினார்.

"நேத்து எழுதிக் குடுத்தீங்க இல்ல? இன்னிக்கும் எழுதுங்க. நேத்து எங்க படிச்சாங்களோ அங்கயே படிங்க. நேத்து கேட்ட அத்தனை பேரும் இருக்கணும்."

எழுதினேன். முதல் முறையாக வலது பக்கத்தையும் எழுதினேன். மூன்று மணிக்கு ஹாலின் நடுவில் நின்று படித்தேன். "பார்த்தது: சர்வர், மூன்று பேக்கப் டேப்புகள். பார்க்காதது: அவர் உட்கார்ந்து வேலை செய்த மெஷின். ஃபைல்கள் அங்கே இருந்தன. பதினான்கும் இருந்தன. அவை அங்கே போகக் காரணமான வரியை எழுதியவன் நான்." முழுசாகப் படித்து முடித்தேன்.

தனசேகர் தலையைச் சொறிந்தார். "சரி வுடுப்பா, இதுக்குப் போய் கூட்டமா," என்றார். ஆனால் அன்று சாயங்காலமே பட்டியலில் அவள் பேரைத் திரும்ப எழுதித் தானே ஹெச்.ஆருக்கு எடுத்துப் போனார். அந்த அளவுக்கு அவர் நல்ல மனிதர்தான்.

சனிக்கிழமை அந்தப் பதினோராவது வரியை எடுத்தேன். அதே இடத்தில் வேறொன்று எழுதினேன்: புராஜெக்ட் டைரக்டரி உண்மையில் சர்வரிலிருந்துதான் வந்திருக்கிறதா என்று பார், இல்லையென்றால் உள்ளே விடாதே, சிஸ்டம்ஸுக்குப் போன் செய்யச் சொல். முதலில் என் மெஷினில், பிறகு கீதாவின் மெஷினில் சோதித்தேன். அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"நாளைக்கு வேற ஆளு வந்து, இது எதுக்குன்னு தூக்கிட்டா?" என்றாள்.

"மேல ஒரு குறிப்பு எழுதி வெக்கிறேன்."

"என் பேரப் போடுங்க சார். அப்பத்தான் யார்னு கேப்பாங்க."

போட்டேன். அவள் அங்கே பதினைந்து வருஷம் இருந்தாள். செக்ஷன் தலைவராகி, தனசேகர் உட்கார்ந்த அறையில் உட்கார்ந்தாள். பிறகு விட்டுவிட்டு, ஊரப்பாக்கத்தில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சொந்தமாக ஒரு டிசைன் ஆபீஸ் வைத்திருக்கிறாள். ஏழு பேர் வேலை செய்கிறார்கள். அந்த நீள நோட்டுப் பழக்கத்தை நான் ஓய்வு பெறும் நாள்வரை விடவில்லை. வலது பக்கம்தான் எப்போதும் முதலில் நிரம்பும்.

பிரவீனிடம் இதைச் சொல்லி, கீதாவின் நம்பரைக் கொடுத்தேன். "கேட்காமல் எடுக்காதேன்னு எழுதியிருக்கு. கேட்டுடுங்களேன்," என்றேன். புது ஸ்டோரேஜில் அந்த வரிக்கு வேலையே இல்லை என்று எனக்கும் தெரியும். எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவளும் சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை பிரவீன் கூப்பிட்டார்.

"பேசினேன் சார். நல்லா பேசினாங்க. புது ஸ்டோரேஜ் பத்தியெல்லாம் விவரமா கேட்டாங்க. அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க."

"என்ன கேட்டா?"

"யாராவது வந்து, நான் செஞ்ச வேலையைக் காணோம்னு சொன்னா முதல்ல எங்க போய்ப் பாப்பீங்கன்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சர்வர்லதான்னு சொன்னேன் சார்."

"அதுக்கு?"

"அப்ப அந்த லைன் இருக்கட்டும்னு சொல்லி போனை வெச்சுட்டாங்க."